கண் விழிக்கும் கணினியும் சரியான நேரமும்



மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலே ஒரு காலத்தில் பொழுதை விடியச் செய்தது சூரியன் அன்று, தப்பு. இருள் பிரியுமுன்னே தப்பொலி லயத்துக்கு லயம் கேட்கும். அடுப்பை மூட்டித் தேநீர் வைத்து, கம்பளியைத் தலையிலே போட்டுக்கொண்டு, ஆணும் பெண்ணும் பிரட்டுக்களத்துக்கு நடந்தாக வேண்டும். பெயர் கூப்பிட்டு முடிந்த பின்பு வந்து நின்றவரை, “இன்றைக்கு வேலை இல்லை” என்று திருப்பி அனுப்பிய நாட்கள் உண்டு. ஆகவே தப்படிப்பவனுடைய நேரம் பிழைத்தால், அன்றைய கூலியே பிழைத்துப்போகும்.

அந்தத் தப்படிப்பவனுக்கு நேரம் சொன்னது யார்? தோட்டத்து ஆபீஸ் மணிக்கூடு. ஆபீஸ் மணிக்கூட்டுக்குச் சொன்னது துரையின் சட்டைப்பைக் கடிகாரம். துரையின் கடிகாரத்துக்கு? இவ்வாறு கேட்டுக்கொண்டே போனால், எங்கோ ஓரிடத்தில் எல்லாரும் நம்புகின்ற ஒரு கடிகாரம் இருந்தே தீரவேண்டும் என்பது புலனாகும்.

ஆதியில் அந்தக் கடிகாரம் உச்சிச் சூரியனாகவே இருந்தது. அதிலும் ஒரு தொல்லை உண்டு. பதுளை கொழும்புக்குக் கிழக்கே இருப்பதால், பதுளையின் உச்சிப்பொழுது கொழும்பின் உச்சிப்பொழுதை ஏறத்தாழ ஐந்து நிமிடம் முந்திக்கொள்ளும். ஊருக்கு ஊர் வெவ்வேறு நேரம் இருந்தால் புகையிரத அட்டவணை எழுத முடியாது. 1906ஆம் ஆண்டிலே இலங்கை முழுவதற்கும் கிரீனிச் நேரத்தினும் ஐந்தரை மணி முந்திய ஒரே நேரம் ஏற்பட்டது. கொழும்பிலிருந்து மலையேறிய புகையிரதப் பாதை 1924ஆம் ஆண்டு பதுளையைத் தொட்டது. அதே 1924ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலேதான் இலண்டன் வானொலி, ஆறு குறுவொலிகளைக் கொண்டு நேரத்தை அறிவிக்கத் தொடங்கியது. புகையிரத நிலையத்து மணிக்கூடும் வானொலியின் ஒலியும் ஆகிய இரண்டும் வந்த பிறகு, மலையின் மடிப்புக்குள் கிடந்த தோட்டமும் வெளியுலகின் நேரத்தோடு தன்னைப் பொருத்திக்கொள்ள வழி பிறந்தது. செய்திக்கு முன் ஒலிக்கும் மணியைக் கேட்டுக் கைக்கடிகாரத்தைத் திருகிய பழக்கம் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும்.

இவ்வளவும் முன்னுரை. நான் இன்று சொல்ல வந்தது மணிக்கூட்டைப் பற்றியது என்றாலும், சுவரிலே தொங்கும் மணிக்கூட்டைப் பற்றியதன்று. கணினிக்குள்ளே ஓடும் மணிக்கூட்டைப் பற்றியது.

இன்று சில தோட்டங்களிலே கொழுந்து மடுவத்துத் தராசு மின்னணுத் தராசாகிவிட்டது. கூடையை வைத்தவுடன், நிறுத்த கிலோவும், நிறுத்தவருடைய எண்ணும், நிறுத்த நேரமும் அலுவலகத்திலுள்ள ஒரு கணினிக்குப் போய்ச் சேருகின்றன. மற்றக் கருவிகளுக்கும் ஆட்களுக்கும் ஏவல் செய்து நிற்கும் இத்தகைய கணினியைச் சேவையகம் என்பர். பேச்சு வழக்கிலே சேர்வர். பெரும்பாலும் இது லினக்ஸ் என்னும் இயக்க முறைமையைக் கொண்டு ஓடும். பின்லாந்து நாட்டிலே மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டு தொடங்கிவைத்த முறைமை அது. காசு கொடாமற் பெறலாம். பழைய கணினியிலும் சிறிய கணினியிலும் சலியாது ஓடும். ஏழைத் தோட்டத்துக்கு ஏற்றதுதான்.

எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்திலே அப்படியொரு சிறு கணினி இருந்தது. தோட்டத்தின் பெயர் வேண்டாம். ஐப்பசி மழைக்காலம். ஒரு நாள் பிற்பகல் மூன்று மணிக்குக் காற்றிலே மரம் முறிந்து மின்கம்பியில் விழுந்தது. மறுநாட் காலை ஏழு மணிக்கு மின்சாரம் வந்தது. கணினியும் தானே விழித்துக்கொண்டது. விளக்கு எரிகிறது, தராசு எண்ணைக் காட்டுகிறது, எல்லாம் நலம் என்றே யாவரும் எண்ணினர். ஆனால் விழித்த கணினி, தான் பதினாறு மணி நேரம் உறங்கியதை அறியவில்லை. அதன் கணக்கில் அது இன்னும் முதல் நாள் பிற்பகல் மூன்று மணி.

காலை ஒன்பதரைக்கு முதல் நிறுவை நடந்தது. கணினி அதனை முதல் நாள் மாலை ஐந்தரை என்று எழுதிக்கொண்டது. பதினொரு மணியளவில் இணையத் தொடர்பு திரும்பியது. கணினி சரியான நேரத்தைக் கேட்டறிந்து, ஒரே பாய்ச்சலாகத் தன்னைத் திருத்திக்கொண்டது. மத்தியான நிறுவையும் மாலை நிறுவையும் சரியான நாளிலே விழுந்தன. காலைக் கொழுந்து மட்டும் நேற்றைய கணக்கிலே கிடந்தது. மாதக் கடைசியிலே கணக்குப் போட்டபோது, அன்றைக்குப் பெண்கள் பலருக்கு நியமித்த கிலோ குறைந்திருந்தது. நேற்றைக்கோ வேண்டாத அளவு கூடியிருந்தது. கிலோ குறைந்தால் என்னவாகும் என்று மலைநாட்டாருக்குச் சொல்லத் தேவையில்லை. அரைப்பேர். நாளெல்லாம் மழையிலே நனைந்து கொழுந்தெடுத்தவளுக்கு அரை நாட் கூலி.

அந்தக் கணக்கப்பிள்ளை பழைய பழக்கத்தை விடாதவர். பென்சிலாலே தம் கைப்புத்தகத்திலும் எழுதி வைத்திருந்தார். அது காப்பாற்றியது. ஆனால், “கம்பியூட்டர் பிழை விடுமா, ஐயா?” என்று அவரையே முதலில் சந்தேகித்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

கணினி பிழை விட்டதா? ஒரு வகையில் இல்லை. அது எவ்வாறு நேரத்தை வைத்திருக்கிறது என்று பார்ப்போம்.

சாதாரணக் கணினிக்குள்ளே இரண்டு கடிகாரங்கள் உள்ளன. ஒன்று, பொத்தானைப் போன்ற ஒரு சிறு மின்கலத்தின் தயவிலே, கணினி அணைந்திருக்கும்போதும் ஓடிக்கொண்டிருப்பது. இதனை வன்பொருட் கடிகாரம் என்போம். ஒரு பளிங்குத் துண்டு வினாடிக்கு 32,768 தடவை அதிர, அவ்வதிர்வுகளை எண்ணி இது நேரம் காட்டும். மற்றையது, கணினி விழித்திருக்கும்வரை லினக்ஸ் தன் நினைவிலே எண்ணிக்கொண்டிருக்கும் கடிகாரம். மின்சாரம் போன கணமே இரண்டாவது மாய்ந்துவிடும். மீண்டும் விழிக்கும்போது முதலாவதைப் பார்த்து, “நேரம் என்ன?” என்று கேட்டுக்கொண்டு ஓடத் தொடங்கும்.

பொத்தான் மின்கலம் சில ஆண்டுகளில் தீர்ந்துபோகும். அப்போது வன்பொருட் கடிகாரம், தொழிற்சாலையிலே தன்னைச் செய்தவர்கள் குறித்துவிட்ட ஏதோ ஒரு பழைய ஆண்டின் சனவரி முதலாந் தேதியைச் சொல்லும். விலை மலிந்த சிறு கணினிகள் பலவற்றில் அந்தக் கடிகாரமே இல்லை. பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த ராஸ்பெரி பை கணினியின் முதல் நான்கு தலைமுறைகள் அத்தகையன. அவை கடைசியாகத் தெரிந்த நேரத்தை ஒரு கோப்பிலே எழுதிவைத்து, விழித்தவுடன் அதனையே எடுத்துப் படித்து, விட்ட இடத்திலிருந்து தொடரும். 1970ஆம் ஆண்டு சனவரி முதலாந் தேதிக்கு ஓடிப்போவதைக் காட்டிலும் இது மேல். ஆனால் இடையிலே கழிந்த இரவை இது அறியாது. நான் சொன்ன தோட்டத்திலே நடந்தது இதுதான்.

இங்கே ஒரு சிறு விலகல். பிழை சரியாக ஐந்தரை மணி நேரமாயிருந்தால், மின்கலத்தைக் குறை சொல்லாதீர்கள். லினக்ஸ் தன் உள்ளே உலகப் பொதுநேரத்தையே வைத்துக்கொள்ளும். இலங்கை நேரம் என்பது காட்டும்போது கூட்டிச் சொல்லும் ஐந்தரை மணியே. வேறு இயக்க முறைமை ஒன்று அதே கணினியில் முன்பு ஓடியிருந்து, வன்பொருட் கடிகாரத்திலே இலங்கை நேரத்தை எழுதிவிட்டுப் போயிருந்தால், லினக்ஸ் அதனைப் பொதுநேரம் என்று நம்பி, மேலும் ஐந்தரை மணியைக் கூட்டிச் சொல்லும். காலை ஏழு மணி, பகல் பன்னிரண்டரை ஆகிவிடும். இது வியாதியன்று, பேச்சுப் பிசகு.

உள்ளே பொதுநேரம், வெளியே ஊர்நேரம் என்னும் இந்த ஏற்பாட்டின் அருமையை இலங்கையர் நன்கு அறிவோம். இரண்டாவது உலகப் போரிலே, 1942இல், நம் நேரம் இரண்டு தடவை முன்தள்ளப்பட்டு, 1945இல் பழைய நிலைக்கு வந்தது. பின்னர் மின்சாரப் பஞ்சம் வந்த 1996ஆம் ஆண்டு மே மாதம் ஒரு மணி முன்தள்ளினார்கள். அக்டோபரிலே அரை மணியைத் திருப்பி எடுத்தார்கள். மீதி அரை மணியை 2006ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆந் தேதி எடுத்தார்கள். அன்று நள்ளிரவு கழிந்து அரை மணியானதும், மீண்டும் நள்ளிரவாயிற்று. ஊர்நேரத்திலே அந்த அரை மணி இரண்டு தடவை வந்தது. அந்நேரத்திலே பிறந்த பிள்ளைகளுள் மூத்தது எது என்று ஊர்க்கடிகாரத்தை வைத்துச் சொல்ல முடியாது. பொதுநேரத்திலோ எந்த நிமிடமும் இரண்டு தடவை வருவதில்லை. கணக்கு எழுதும் கணினிக்கு அதனால்தான் பொதுநேரம் வேண்டும்.

இனி, விழித்த கணினி சரியான நேரத்தை எங்ஙனம் கேட்டறிகிறது என்பது. இதற்கென்று உலகெங்கும் வழங்கும் முறை ஒன்றுண்டு. அதன் பெயரை என்.டி.பி. என்று சுருக்குவர். அமெரிக்காவிலே டெலவெயர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியராயிருந்த டேவிட் மில்ஸ் என்பார் இதனை வகுத்தார். 1985ஆம் ஆண்டு இதன் முதல் இலக்கணம் வெளிவந்தது. மில்ஸ் 2024ஆம் ஆண்டு சனவரியில் காலமானார். அவர் செய்த தந்திரத்தை மலைநாட்டு வழியிலேயே விளக்கலாம்.

மேற்பிரிவிலே ஒரு மணிக்கூடு. அது பத்து நிமிடம் பிந்தி ஓடுகிறது, ஆனால் அங்கேயிருப்பவர்க்கு அது தெரியாது. கீழே பெரிய ஆபீசில் ஒரு சரியான மணிக்கூடு. மேற்பிரிவுக் கங்காணி, தம் மணிக்கூட்டில் பத்து மணியாகும்போது ஒரு பையனிடம் துண்டுச் சீட்டைக் கொடுத்து அனுப்புகிறார். பையன் ஆபீசில் நுழையும்போது அங்கே மணி பத்து இருபத்தைந்து. ஐந்து நிமிடம் காக்கவைத்து, பத்து முப்பதுக்கு அவனை அனுப்புகிறார்கள். அவன் திரும்பிவரும்போது மேற்பிரிவு மணிக்கூட்டில் பத்து முப்பத்தைந்து. போகும்போது தெரிந்த வித்தியாசம் இருபத்தைந்து நிமிடம். வரும்போது தெரிந்தது ஐந்து நிமிடக் குறைவு. இரண்டையும் சேர்த்தால் இருபது, பாதி பத்து. ஆகவே நம் மணிக்கூடு பத்து நிமிடம் பிந்தியிருக்கிறது என்று கங்காணி கண்டுகொள்கிறார். பையன் வழியிலே எவ்வளவு நேரம் நடந்தான் என்று அவனைக் கேட்கவே வேண்டியதில்லை. அவன் வெளியே கழித்த முப்பத்தைந்து நிமிடத்தில் ஆபீசில் நின்ற ஐந்தைக் கழித்தால், நடை முப்பது நிமிடம் என்பதும் தானே தெரிந்துவிடும்.

இதிலே ஒரு பலவீனம் உண்டு. போக்கும் வரவும் சமநேரம் என்று எண்ணிக்கொண்டல்லவா பாதியாக்கினோம்? மலையில் இறங்குவதும் ஏறுவதும் ஒன்றாகுமா? இறங்கப் பத்து, ஏற இருபது என்றால், கணக்கிலே ஐந்து நிமிடம் பிழைக்கும்; இரண்டு நடைக்குமுள்ள வித்தியாசத்தில் பாதி. இணையத்திலும் இதே ஏற்றமும் இறக்கமும் உண்டு. ஆயினும் அங்கே தூதன் போய்வர எடுப்பது வினாடியின் சிறு பின்னமே. ஆதலால் பிழையும் மிகச் சிறிது. கொழுந்துக் கணக்குக்கு அது ஒரு பொருட்டன்று.

யாரிடம் கேட்பது? அணுக்கடிகாரத்தையோ செயற்கைக்கோளையோ நேரே கேட்பவை முதற்படிச் சேவையகங்கள், அவற்றைக் கேட்பவை இரண்டாம்படி, இப்படியே இறங்கும். தொண்டர்கள் பலர் தம் கணினிகளை நேரம் சொல்வதற்கென்று திறந்துவிட்டிருக்கும் ஒரு பொதுக் குளம் 2003ஆம் ஆண்டு முதல் உண்டு; அதிலே நாட்டுக்கு நாடு பிரிவுகளும் உண்டு. இலங்கையின் நியம நேரத்தைப் பேணும் பொறுப்போ அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்துக்கு உரியது. ஒருவரை மட்டும் கேளாது, நால்வரைக் கேட்பது நலம். இருவர் முரண்பட்டால் எவர் பிழை என்று அறியமுடியாது. நால்வரில் ஒருவர் பிழைத்தால் அவரை ஒதுக்கிவிடலாம்.

இப்போது பேச்சின் மையத்துக்கு வருகிறேன். பிழை இவ்வளவு என்று தெரிந்த பிறகு, கடிகாரத்தை எப்படித் திருத்துவது? இரண்டு வழிகள். ஒன்று பாய்ச்சல்: முள்ளைப் பிடித்துத் திருகிச் சரியான இடத்திலே வைத்துவிடுவது. மற்றையது நடை: கடிகாரத்தைச் சற்று வேகமாகவோ மெதுவாகவோ ஓடவிட்டு, எவரும் அறியாமற் சரியாக்குவது. ஓடிக்கொண்டிருக்கும் சேவையகத்திலே பாய்ச்சல் ஆபத்தானது. கடிகாரம் பின்னே பாய்ந்தால், பின்பு நிறுத்த கூடை முன்பு நிறுத்ததாகப் பதிவாகும். ஒரே நிமிடம் இரண்டு தடவை வரும். ஆகவே வேலை நடக்கும்போது நடைதான் முறை.

ஆனால் நடையின் வேகத்தைப் பாருங்கள். மில்ஸ் வழிவந்த பழைய நேரச் சேவை, வினாடிக்கு அரை மில்லி வினாடிக்கு மேல் திருத்தாது. ஒரு வினாடிப் பிழை தீர 2,000 வினாடி, அஃதாவது முப்பத்து மூன்று நிமிடம். நம் பதினாறு மணி நேரப் பிழை தீர மூன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும்! இதனை அறிந்தே, சிறு பிழைக்கு நடையும், 128 மில்லி வினாடியைத் தாண்டி நிலைத்த பிழைக்குப் பாய்ச்சலும், 1,000 வினாடிக்கு மேற்பட்டதற்கு மறுப்பும் என்று அதிலே விதித்திருந்தார்கள். மறுப்பு என்றால், “இவ்வளவு பெரிய பிழை என் வேலையன்று, மனிதர் யாரேனும் வந்து பார்க்கட்டும்” என்று அச்சேவை தன்னையே நிறுத்திக்கொள்ளும். நியாயமான எச்சரிக்கைதான். ஆனால் மலையடிவாரத்திலே இரவு இரண்டு மணிக்கு விழித்த கணினியை வந்து பார்க்க யார் இருக்கிறார்கள்? ஆதலால், தொடங்கும்போது ஒரு தடவை மட்டும் எவ்வளவு பெரிய பிழையானாலும் பாய்ந்து திருத்தலாம் என்று அனுமதி கொடுக்கும் குறி ஒன்றை அமைத்தார்கள். தொடங்கும் கட்டளையோடு ஒரு கோடும் ‘ஜி’ என்னும் ஆங்கில எழுத்தும் சேர்த்தால் போதும். இந்த ஓரெழுத்தை மறந்ததால் நேரச் சேவை வாய்மூடிக் கிடந்த சேவையகங்கள் எத்தனையோ.

இப்பொழுது பல லினக்ஸ் வகைகளிலே வழங்கும் புதிய நேரச் சேவை குரோனி என்பது. அடிக்கடி உறங்கி விழிக்கும் கணினிக்கும், வந்து வந்து போகும் இணையத்துக்கும் ஏற்றதாகச் செய்யப்பட்டது. அதன் அமைப்புக் கோப்பிலே ‘மேக்ஸ்டெப்’ என்ற சொல்லும் அதனையடுத்து இரண்டு எண்களும் இருக்கும். வழக்கமாக ஒன்றும் மூன்றும். பிழை ஒரு வினாடிக்கு மேற்பட்டால் பாய்ந்து திருத்து. ஆனால் முதல் மூன்று திருத்தங்களுக்குள் மட்டும். அதன்பின் நடந்தே திருத்து என்பது பொருள். அந்த மூன்று, நிமிடமன்று என்பதைக் கவனியுங்கள். இணையம் வர நான்கு மணி நேரம் தாமதித்தாலும், வந்து முதற் பதில் கிடைத்தபின்னரே எண்ணிக்கை தொடங்கும். முன்பு வழங்கிய ‘ஒரு தடவை கேட்டுவிட்டு ஓய்ந்துபோகும்’ சிறு கருவிகளுக்கும் இதற்குமுள்ள பெரிய வேறுபாடு இதுவே. மின்சாரம் வந்தவுடன் சேவையகம் ஒரு நிமிடத்தில் விழிக்கும். ரவுட்டர் மூன்று நிமிடம் எடுக்கும். மலையுச்சிக் கோபுரமோ எப்போது விழிக்கும் என்று சொல்லவே முடியாது. ஒரு தடவை கேட்டவன் ஏமாந்துபோவான். கேட்டுக்கொண்டே இருப்பவன் பெறுவான்.

அந்த மேக்ஸ்டெப் வரியை நீக்கிவிட்டால் என்னாகும்? குரோனி வேகமாக நடக்கக்கூடியது. பன்னிரண்டு வினாடியிலே ஒரு வினாடிப் பிழையைத் தீர்த்துவிடும். அப்படியும் பதினாறு மணி நேரத்துக்கு எட்டு நாட்கள். அந்த எட்டு நாளும் கணினியின் கடிகாரம் மணிக்கு ஐந்து நிமிடம் வீதம் கூடுதலாக ஓடும். இதன் தீங்கு கொழுந்திலே தெரியாது, மழையிலே தெரியும்.

2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆந் தேதி காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தையிலே மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. மழைமானிகள் அளக்கும் மழையைக் கொண்டே மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்படுகிறது. இருபத்து நான்கு மணி நேரத்திலே 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு. 100 பெய்தால் எச்சரிக்கை. 150 பெய்தாலோ, ஒரு மணி நேரத்துக்குள் 75 பெய்தாலோ இடம்பெயர்வு என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வழங்கும் அளவுகோல். இதிலே மழை பாதி, மணி பாதி என்பதைப் பாருங்கள். தானே எழுதும் மழைமானியின் பதிவைப் பெறும் சேவையகத்தில் ஒரு மணி ஒரு மணியாக இராவிட்டால், அல்லது நேற்றைய மழையும் இன்றைய மழையும் இடம் மாறிவிட்டால், எச்சரிக்கை பிந்தும். அல்லது வீணாக முந்தும். வீணாக இரண்டு தடவை லயத்தைவிட்டு வெளியேறியவர்கள் மூன்றாந் தடவை எழுந்திருக்க மாட்டார்கள். மேலும், மின்சாரம் அறுந்து கணினி உறங்கி விழிப்பதும் கடும் மழையிலேதான். நேரம் மிகத் தேவைப்படும் இரவிலேதான் அது தவறுகிறது.

பிழைத்த நேரம் வேறொரு முடிச்சையும் போடும். கணினிகள் இரகசியமாகப் பேசும்போது ஒன்றுக்கொன்று சான்றிதழ் காட்டிக்கொள்ளும். அந்தச் சான்றிதழில், “இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை செல்லும்” என்று எழுதியிருக்கும். கணினியின் கணக்கிலே ஆண்டு பழையதாயிருந்தால், “இச்சான்றிதழ் இன்னும் பிறக்கவேயில்லை” என்று மறுத்துவிடும். நேரம் சரியாயிருந்தால்தான் தொடர்பு. தொடர்பு கிடைத்தால்தான் நேரம் என்று இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். சாதாரண என்.டி.பி. கேள்விக்குச் சான்றிதழ் வேண்டியதில்லை. ஆதலால் முடிச்சை அவிழ்க்க அதுவே முதலில் ஓடவேண்டும்.

அப்படியானால் நேரம் சரியாகும்வரை மற்ற வேலைகளைத் தொடங்காமல் நிறுத்திவைத்தால் என்ன? நிறுத்தலாம். லினக்ஸை விழிக்கச் செய்யும் சிஸ்டம்டி என்னும் ஏற்பாட்டிலே ‘நேரம் பொருந்திற்று’ என்பதற்கென ஒரு மைல்கல் உண்டு. அதனைக் கடந்த பின்பே தொடங்கு என்று கணக்கு நிரலுக்குக் கட்டளை இடலாம். நேரம் பொருந்தும்வரை காத்திருக்கும் சிறு சேவை ஒன்றையும் இதனோடு இயக்கிவைக்க வேண்டும். அதை இயக்காதவர்கள், மைல்கல் இருந்தும் பயனில்லையே என்று வியப்பார்கள்.

ஆயினும், நகரத்து நிபுணர்கள் சொல்வதுபோல இதனை எங்கும் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடாது என்பது என் கருத்து. வங்கிக்கு இது பொருந்தும். கொழுந்து மடுவத்திலே, நனைந்த கூடையோடு நூறு பெண்கள் வரிசையில் நிற்கும்போது, “கணினிக்கு நேரம் தெரியவில்லை, பொறுங்கள்” என்று சொல்வதா? மழைமானியோ பொறுக்கவே மாட்டாது. இதற்கு ஒரு நல்ல வழியுண்டு. லினக்ஸ், நேரக் கடிகாரத்தோடு கூடவே, விழித்த கணத்திலிருந்து எத்தனை வினாடி கழிந்தது என்று மட்டும் எண்ணும் இன்னொரு எண்ணியையும் வைத்திருக்கிறது. எந்தப் பாய்ச்சலும் அதனைத் தொடாது. அது பின்னே போவதேயில்லை. ஒவ்வொரு நிறுவையோடும் அந்த எண்ணையும் எழுதிவைத்து, “நேரம் உறுதியாகவில்லை” என்றொரு குறியும் இட்டுவிட்டால் போதும். நம் தோட்டத்திலே முதல் நிறுவை, விழித்து இரண்டரை மணி நேரம் கழித்து நடந்தது. பதினொரு மணிக்குச் சரியான நேரம் தெரிந்தபோது எண்ணி நான்கு மணி நேரத்தைக் காட்டியிருக்கும். ஆகவே விழித்தது ஏழு மணிக்கு, நிறுவை ஒன்பதரைக்கு. ஒரு சிறுவன் போடக்கூடிய கழித்தற்கணக்கு. நிரல் எழுதியவர் இதனை எண்ணியிருந்தால், அரைப்பேர்ப் பேச்சே எழுந்திராது.

எல்லாவற்றுக்கும் முன்பு செய்யவேண்டியது ஒன்றுண்டு, செலவும் குறைவு. மின்கலம் தீர்ந்திருந்தால் மாற்றுங்கள். வன்பொருட் கடிகாரமே இல்லாத சிறு கணினிக்கு, அதனைத் தனியே வாங்கிப் பொருத்தலாம். வெப்பத்துக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் நல்ல வகை, ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குமேல் பிசகாது. சாதாரணப் பளிங்கோ நாளொன்றுக்கு ஒன்றிரண்டு வினாடி பிசகுவது சகஜம். பண்டாரவளைக் குளிரிலே ஒரு விதமாகவும், தொழிற்சாலைச் சூட்டிலே வேறு விதமாகவும் ஓடும். குரோனி தன் கணினியின் பளிங்கு எவ்வளவு பிசகுகிறது என்று கற்று ஒரு கோப்பிலே குறித்துவைக்கும். அடுத்த தடவை விழிக்கும்போது அந்தக் குணத்தை மனத்திற்கொண்டே தொடங்கும். அந்தக் கோப்பை அழித்துவிடாதீர்கள்.

இணையம் எட்டாத தோட்டமானால், வானத்தைக் கேட்கலாம். வழிகாட்டும் செயற்கைக்கோள்கள் யாவும் அணுக்கடிகாரம் சுமந்தவை. கூரைமேல் வானம் தெரியும் இடத்திலே ஒரு சிறு ஏற்பியை வைத்து, கம்பியைக் கணினியோடு சேர்த்தால், மடுல்சீமைச் சரிவிலும் முதற்படிச் சேவையகம் ஒன்று அமைந்துவிடும். அதனையே தோட்டத்திலுள்ள மற்றக் கணினிகளும் தராசுகளும் கேட்டுக்கொள்ளலாம்.

எல்லாம் அமைத்த பின்பு, ஒரு தடவை வேண்டுமென்றே மின்சாரத்தைத் துண்டித்துப் பாருங்கள். ஐந்து நிமிடமன்று, ஓர் இரவு. காலையிலே விழித்ததும் முதற் பதிவின் நேரத்தைக் கைக்கடிகாரத்தோடு ஒப்பிடுங்கள். பிறகு இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டு இதையே திரும்பச் செய்யுங்கள். நான் சொன்ன தோட்டத்திலே இப்பொழுது வன்பொருட் கடிகாரம் ஒன்று வாங்கிப் பொருத்திவிட்டார்கள். நிரலிலும் குறியைச் சேர்த்துவிட்டார்கள். மின்சாரம் போய்வந்த நாட்களிலே காலை நிறுவைக்கு முன் கணினியின் மணியைப் பார்த்துக் கையெழுத்து வைப்பது அந்தக் கணக்கப்பிள்ளையின் வேலை. பென்சிற் புத்தகத்தை அவர் இன்னும் விடவில்லை.